சைகோன் அண்ணி சுட்ட பத்தே

ஐம்பத்தாறாம் வருடத்து ஐப்பசி மழையில் என் அண்ணனின் மனைவி ஒரு ரிக்‌ஷாவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை, கால் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. ரயிலடிக்கு அழைக்கப் போயிருந்த அப்பா, குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார். அண்ணன் வரவில்லை.

அண்ணனுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். எனக்கு ஆறு வயதாக இருந்தபோதே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறிவிட்டான். அங்கே ஒரு வியட்நாம் பெண்ணை மாதா கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டான் என்பதை ஒரு புகைப்படமும் சாமியாரின் கையெழுத்துப் போட்ட தாளும் வந்துதான் தெரிந்துகொண்டோம். அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சைகோனில் சண்டை முடிந்ததும் அண்ணனின் பட்டாளத்தை அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். பெண்டாட்டி பிள்ளையை அங்கே கூட்டிப்போக முடியாது, ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தான்.

அப்போது நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பதினாலு வயதுப் பெண். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா கோர்ட்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாலையில் மட்டும் ஒரு இங்கிலீஷ் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துப் படிப்பார். ஐம்பது வயதில் படிக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம் அவருக்கு எப்போதும் இருந்தது. வீட்டில் சத்தம் போட்டுப் பேசுவது அவர் ஒருவர்தான்.

அண்ணியின் தகரப் பெட்டியை அம்மா முதல் நாளே திறந்து பார்த்தாள். நான்கு பாவாடைச் சட்டைகள், குழந்தையின் துணி, ஒரு மாதா சுரூபம். அதற்கு அடியில், காகிதத்தில் சுற்றிய இருபத்து நாலு சின்னத் தகர அச்சுகள். உள்ளங்கை அகலம், வட்டம். இவை எதற்கு என்று அம்மா கையாலேயே கேட்டாள். அண்ணி ஒரு கையைக் குழித்து, மறு கையால் மூடி, வாயருகே கொண்டு போய்க் காட்டினாள். அம்மாவுக்குப் புரியவில்லை. நான் பிரெஞ்சில் கேட்டு அம்மாவிடம் சொன்னேன். மைதா மாவை ஏடு ஏடாகத் தேய்த்து, அதற்குள் கொத்திய இறைச்சியை வைத்து மூடி, ரொட்டி அடுப்பில் சுடுவது. சைகோனில் நோயெல் அன்று வீட்டுக்கு வீடு செய்வார்களாம். அதற்குப் பெயர் பத்தே. கிறிஸ்துமஸை எங்கள் வீட்டிலும் நோயெல் என்றுதான் சொல்வோம். ஆனால் எங்கள் நோயெல் சாப்பாடு ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும், சாயங்காலம் ரவை கேக்கும்தான்.

அம்மாவுக்குப் பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. அண்ணிக்குத் தமிழ் தெரியாது. பகல் முழுக்க அவர்கள் இருவரும் ஒரே சமையலறையில் இருந்தார்கள். ஆரம்பத்தில் அம்மா அவளை எதையும் தொட விடவில்லை. மூலையில் ஒரு மணையைப் போட்டு உட்கார வைத்திருந்தாள். அண்ணி அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம் கழித்து, அம்மா வெங்காயத்தை எடுப்பதற்கு முன்பே அண்ணி உரித்து வைத்திருந்தாள். இன்னொரு வாரத்தில் அம்மா உப்பு ஜாடிக்குக் கை நீட்டும்போது அது கைக்கு வந்தது. அம்மா மணையை மூலையிலிருந்து அடுப்புப் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.

அந்த வருடம் நோயெலுக்கு முன் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கென்று தமிழில் தனியாக ஒரு பக்கம் எழுதியிருந்தான். அவள் பத்தே சுடுவாள், அம்மா, ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள், அடுத்த நோயெலுக்கு நானும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று இருந்தது. அம்மா என்னை அதை மூன்று முறை படிக்கச் சொன்னாள். மறுநாள் அப்பாவிடம் சொல்லி மைதா வாங்கினாள்.

அந்த முதல் முயற்சி வீணாகப் போயிற்று. மாவுக்கு இடையில் தடவ அம்மா பசு நெய் கொடுத்தாள். நெய் உருகி ஓடியது. மாவு ஏடு பிரியாமல் ஓடு மாதிரி இறுகிவிட்டது. அப்பா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பல் உடைஞ்சிடும் போலிருக்கே என்று தட்டை நகர்த்தினார். அண்ணி மூடியைப் பெயர்த்து எடுத்துவிட்டு உள்ளே இருந்த கறியை மட்டும் குழந்தைக்கு ஊட்டினாள். சைகோனில் நெய் போடமாட்டோம் என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். வெண்ணெய் கிடைத்தால் வெண்ணெய், இல்லையென்றால் பன்றிக் கொழுப்பு.

இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் என் வாயைப் பொத்தினாள். எங்கள் உறவுக்காரர்கள் பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள். ஆனாலும் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் எங்கள் சமையலறைக்குள் வந்ததில்லை. அதைச் சாப்பிடுகிறவர்கள் வேறு, நாம் வேறு என்பது கோயிலில் உட்காரும் இடம் வரைக்கும் இருந்தது. அப்பாவின் அக்காள், முதலியார்பேட்டையில் இருந்த என் அத்தை, அதில் ரொம்பக் கண்டிப்பு. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சமையல்காரர் யார் என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் கை வைப்பாள்.

ஒரு வருடம் ஓடியது. அண்ணன் வரவில்லை. விடுமுறை தள்ளிப் போகிறது, தள்ளிப் போகிறது என்று எழுதினான். அண்ணி அதற்குள் தமிழில் சமையலறை வார்த்தைகளையெல்லாம் கற்றுக்கொண்டிருந்தாள். வினைச்சொல் மட்டும் வராது. "அம்மா, பால் அடுப்பு" என்பாள். பால் பொங்கப் போகிறது என்று அர்த்தம். அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "பொண்ணு" என்பாள். ஆனால் மத்தியானத்தில் இரண்டு பேரும் கிணற்றடியில் எதிரெதிராக உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் வாரிவிடுவதை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. என் தலையை வாரிவிட அம்மாவுக்கு நேரமிருந்ததில்லை.

ஐம்பத்தேழாம் வருட நோயெலுக்கு அத்தை எங்கள் வீட்டில் சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பினாள். மகனையும் கூட்டி வருகிறாளாம். அத்தை மகனுக்கு இருபத்திரண்டு வயது. என்னைப் பெண் கேட்கத்தான் வருகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அம்மாவுக்கு அன்றிலிருந்து கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தாள், பீங்கான் தட்டுகளை இறக்கித் துடைத்தாள். சாப்பாட்டில் ஏதாவது விசேஷமாக இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் பத்தே சுடலாம் என்று முடிவு செய்தாள். வனஸ்பதி போட்டு ஒரு தடவை செய்து பார்த்தார்கள். வாயில் மெழுகு ஒட்டியது போலிருந்தது.

அன்று மத்தியானம் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"நெய்யும் வாணாம், வனஸ்பதியும் வாணாம். அந்தப் பொண்ணு கேக்கறதையே வாங்கிடலாம். ரொட்டிக்காரர்கிட்ட சொல்லியிருக்கேன். உங்கப்பாகிட்ட மூச்சு வுடாத."

அடுத்த தெருவில் இருந்த ரொட்டிக்காரர் அண்ணனைப் போலவே ஒரு சைகோன்காரியைக் கட்டியவர். மந்தார இலையில் பொட்டலம் கட்டிக் கொல்லைக் கதவு வழியாகக் கொண்டு வந்து கொடுத்தார். அம்மா அதை ஒரு பித்தளைச் சொம்பில் போட்டு, கயிறு கட்டிக் கிணற்றில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்கவிட்டாள். அங்கேதான் குளிர்ச்சியாக இருக்கும் என்று அண்ணி சொல்லியிருந்தாள்.

நோயெலுக்கு முதல் நாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. வெயில் ஏறினால் கொழுப்பு இளகிவிடும் என்பதால் அண்ணி அவசரப்பட்டாள். மாவைப் பிசைந்து, காலியான ஒயின் பாட்டிலால் சதுரமாகத் தேய்த்தாள். நடுவில் கொழுப்பைப் பரப்பி, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடித்து, ஈரத் துணியில் சுற்றி வைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தேய்த்தாள், மறுபடி மடித்தாள். ஆறு முறை. அம்மா ஆட்டுக்கறியைக் கொத்தி, வெங்காயமும் மிளகும் பாலில் ஊறிய ரொட்டியும் சேர்த்துப் பிசைந்தாள். அச்சுகளில் மாவு ஏட்டை விரித்துக் கறியை வைத்து மூடும் வேலையில் பாதியை எனக்குக் கொடுத்தார்கள். ஓரத்தை முட்டை தடவி அழுத்தி ஒட்ட வேண்டும். நான் அவசர அவசரமாகச் செய்தேன். பன்னிரண்டு என்னுடையவை, பன்னிரண்டு அண்ணியுடையவை.

ரொட்டிக்கடையில் காலை ரொட்டியை எடுத்த பிறகு, அடுப்பில் சூடு இருக்கும்போதே அக்கம்பக்கத்து வீட்டுத் தட்டுகளை உள்ளே தள்ளுவார்கள். எங்கள் இரண்டு தட்டுகளையும் நானும் அண்ணியும் தூக்கிக்கொண்டு போனோம். அடுப்பிலிருந்து வெளியே எடுத்தபோது அண்ணியின் தட்டில் பன்னிரண்டும் பொன் நிறத்தில், ஏடு ஏடாக எழும்பி நின்றன. என் தட்டில் ஏழோ எட்டோ வாய் பிளந்து, கறிச்சாறு வழிந்து கருகியிருந்தன. ரொட்டிக்காரர் சிரித்தார்.

அண்ணி வழியெல்லாம் என்னைச் சமாதானப்படுத்தினாள். தான் முதலில் செய்தபோது இதைவிட மோசம் என்றாள். அம்மா தட்டுகளைப் பார்த்தாள்.

"ஒன்னையும் பெத்தேனே. எங்கிருந்தோ வந்தவ கைய பாரு, ஒங் கைய பாரு. நாளைக்கி ஒங்கத்தை பாத்தா என்னா சொல்லுவா?"

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அண்ணியின் கையைப் பிடித்து, அதிலிருந்த மாவைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். இதை எழுதும்போதுகூட அந்த முந்தானையின் நிறம் எனக்கு நினைவிருக்கிறது. ஊதாப் பூப்போட்ட சீட்டிப் புடவை.

மறுநாள் பூசை முடிந்து அத்தையும் மகனும் வந்தார்கள். அத்தை அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள், குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். எதிர்பார்த்ததைவிட நல்லபடியாகத்தான் எல்லாம் நடந்தது. அப்பா மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து கோர்ட்டுக் கதைகளைச் சொன்னார். அம்மா, அண்ணியின் பத்தேகளை நல்ல பீங்கான் தட்டில் அடுக்கி முதலில் கொண்டு வந்து வைத்தாள். என்னுடையவற்றில் உடையாதவற்றைப் பின்னால் வைத்தாள்.

அத்தை ஒன்றைச் சாப்பிட்டாள். இன்னொன்றை எடுத்தாள். யார் செய்தது என்று கேட்டாள். அம்மா, மருமகள்தான் செய்தாள் என்றாள். மருமகள் என்ற வார்த்தையை அவள் வாயால் அன்றுதான் முதலில் கேட்டேன். அத்தை மகன் மூன்றாவதை எடுத்துக்கொண்டே தான் இந்த மாதிரிச் சாப்பிட்டதே இல்லை என்றான். அத்தை என் பக்கம் திரும்பி, நீயும் இதைக் கற்றுக்கொண்டாயா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா குறுக்கே வந்து, அவளுக்கு இதெல்லாம் கை வராது, இனிமேல்தான் கற்க வேண்டும் என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அண்ணி, என்ன பேசுகிறார்கள் என்று முழுக்கப் புரியாமல், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

"என்னா போட்டா இப்பிடி வாயில வச்சதும் கரையுது?" என்றாள் அத்தை.

"பன்னிக் கொழுப்பு போட்டாங்க, அத்தை" என்றேன்.

எத்தனையோ வருடம் நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னப் பெண், கேட்டார்கள், வாய் தவறி வந்துவிட்டது என்று. அப்படி இல்லை. அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

அத்தை கையிலிருந்ததை அப்படியே மேஜை விரிப்பில் வைத்தாள். எழுந்து கொல்லைக்குப் போனாள். தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்கும் சத்தம் மேஜை வரைக்கும் கேட்டது. அத்தை மகன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அம்மாவைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றார்.

அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை கொல்லையிலிருந்து வந்து வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்னா தெரியும். அவதான மாவு பெசஞ்சா" என்றாள் அம்மா.

அண்ணிக்கு இது புரிந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. உண்மையில் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள். பிரெஞ்சில் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

"நான் போட்டது. அம்மா தெரியாது."

ரொட்டிக்காரர் பொட்டலம் கொண்டு வந்தது எனக்குத் தெரியும். கிணற்றில் சொம்பைக் கட்டித் தொங்கவிட்டது யார் என்று தெரியும். எனக்கு முன்னால் இருந்த டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

அத்தையும் மகனும் சோறு சாப்பிடாமல் போய்விட்டார்கள். மிச்சத்தை நாய்க்குக் கொட்டச் சொல்லிவிட்டு அப்பா அறைக்குள் போனார். அண்ணி தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன், எதற்கென்று தெரியவில்லை. அவள் கொட்டவில்லை. கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒன்றை அதன் கையில் கொடுத்தாள். இன்னொன்றைத் தான் எடுத்துச் சாப்பிட்டாள். அவசரப்படாமல், உதிரும் ஏட்டையெல்லாம் மடியில் பிடித்து, அதையும் எடுத்துச் சாப்பிட்டாள். என்னைப் பார்த்ததும் தட்டை நீட்டினாள்.

"நீ சாப்பிடு. நல்லா இருக்கு" என்றாள்.

நான் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மறுநாள் அப்பா பின்கட்டு அறையில் அண்ணிக்கு ஒரு தனி அடுப்பு போட்டுக் கொடுத்தார். தனிப் பாத்திரம், தனித் தண்ணீர்க் குடம். அத்தை சொல்லி அனுப்பிய நிபந்தனை அது. அம்மா சமையலறையில் அடுப்புப் பக்கத்தில் இருந்த மணையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஓடி வரும் குழந்தையை மட்டும் தடுக்க முடியவில்லை. அது பிரெஞ்சில் அத்தை என்று, தாந்த், தாந்த் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு எல்லா அறைக்கும் வரும், எங்கள் தட்டிலும் கை வைக்கும். அம்மா அதற்கு ஊட்டிவிடுவாள். சாயங்காலமானால் அது பின்கட்டுக்குப் போய்விடும்.

அண்ணி இதையெல்லாம் அண்ணனுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அவன் பதிலில் ஏதாவது தெரிந்திருக்கும். அவன் எப்போதும் போல, பத்தே எப்படி இருந்தது அம்மா என்று கேட்டிருந்தான். நன்றாக இருந்தது என்று எழுதச் சொன்னாள் அம்மா. நான் அப்படியே எழுதினேன்.

சம்பந்தப் பேச்சு அத்தோடு நின்றது. அத்தை மகன் படிக்கப் பாரிசுக்குப் போய் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதில் எனக்கு வருத்தமில்லை. அம்மா அன்று அந்தப் பொய்யைச் சொன்னது எனக்காக, அந்தச் சம்பந்தம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, என்று எனக்குப் புரிய இரண்டு வருடமாயிற்று.

ஐம்பத்தொன்பதாம் வருடம் மாசி மாதத்தில் பிரெஞ்சுக் கோன்சலேட்டிலிருந்து ஒருவர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் பிரெஞ்சில் பேசினார். அம்மா கதவருகில் நின்று அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மொழிபெயர்க்கவில்லை. அண்ணி பின்கட்டிலிருந்து வந்து, அந்த மனிதர் இரண்டாம் முறை சொன்னதைக் கேட்டாள். அவள்தான் அம்மாவிடம் வந்து சொன்னாள். அண்ணனின் பெயரைச் சொல்லி, "இல்லை, அம்மா" என்றாள். அவளுடைய தமிழில் வேறெப்படியும் சொல்ல வராது.

அன்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டது அன்றுதான். உடலைக் கொண்டு வரவில்லை. அல்ஜீரியாவிலேயே அடக்கம் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். நாற்பதாம் நாள் பூசை வைத்தோம். அந்த நாற்பது நாளும் ஒரே அடுப்பில்தான் சமைத்தார்கள். அப்பா கண்டும் காணாமல் இருந்தார். இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் நினைத்தேன்.

பூசை முடிந்த மறுநாள் அண்ணி அப்பாவிடம் வந்து, பிரான்சுக்குப் போக அனுமதி கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னாள். பட்டாளத்தில் செத்தவர்களின் பெண்டாட்டிகளுக்கு அரசாங்கமே கப்பல் வசதி செய்து தருகிறதாம். அப்பா, குழந்தையை விட்டுவிட்டுப் போ என்றார். எங்கள் மகனின் ரத்தம், இங்கே வளரட்டும் என்றார். அவள் மரியாதையாக முடியாது என்றாள். அப்பா கத்தினார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள், மறுபடியும் அதையே சொன்னாள்.

அம்மா அவளைத் தடுக்கவில்லை. தடுக்க என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. அண்ணி கிளம்பும் நாளில் அம்மா முறுக்கும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள், குழந்தையின் கழுத்தில் தன் சங்கிலியைப் போட்டாள். வாசலில் அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். அப்பா பக்கத்தில் நின்றார். ரிக்‌ஷாக்காரன் பெட்டியைத் தூக்கி வைத்தான். அம்மா வாயை மூடிக்கொண்டாள். அண்ணி ரயிலடிக்குத் தனியாகவே போனாள்.

பிரான்சில் மர்செய் துறைமுகத்திலிருந்து ஒரு அட்டை வந்தது, வந்து சேர்ந்துவிட்டோம் என்று. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை, புது வருட வாழ்த்து. குழந்தையின் உயரத்தை மட்டும் ஒவ்வொரு அட்டையிலும் எழுதுவாள்.

அறுபத்திரண்டில், ஊர் முறைப்படி இந்தியாவுக்குக் கைமாறியபோது, பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதே பேச்சு. அப்பாவுக்கு மனமில்லை. இங்கே பிறந்தேன், இங்கேயே கிடந்துவிட்டுப் போகிறேன் என்றார். எதிலும் வாய் திறக்காத அம்மா, எழுதிக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்தத் தாள் இருந்தால்தான் பேத்தியைப் போய்ப் பார்க்க முடியும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அப்போது அவளுக்கு மூச்சிரைப்பு வந்து நடை குறைந்துவிட்டிருந்தது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் அந்தப் பேச்சு மறுபடி வந்தது. அங்கே போனால் அவள் நம்மை வீட்டுக்குள் விடுவாளா என்று அப்பா கேட்டார். பன்றிக் கொழுப்பை ஊட்டி நம் மானத்தை வாங்கியவள் என்றார். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அத வாங்கியாரச் சொன்னது நாந்தான்" என்றாள். "ரொட்டிக்காரர்கிட்ட நாந்தான் கேட்டேன். அவ எனக்காவ பழிய ஏத்துக்கிட்டா."

அன்னைக்கே சொல்லியிருக்கலாமே என்றார் அப்பா.

"சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

கை கழுவிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போன அப்பா விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். அந்தத் தாளில் அவர் கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் அம்மா என்னை ஒரு காகிதம் எடுத்து வரச் சொன்னாள். அண்ணிக்கு எழுத வேண்டும். நான் பிரெஞ்சில் எழுத உட்கார்ந்தேன். நலம் விசாரித்து எழுதியதைப் படித்துக் காட்டினேன். அது போதும், இனிமேல் நான் சொல்வதை எழுது என்றாள்.

"கொழுப்பு வாங்கியாரச் சொன்னது நாந்தான். அவரு கேட்டப்ப நான் பொய் சொன்னேன். அப்படியே எழுது."

"அதெல்லாம் அவங்களுக்கே தெரியுமேம்மா."

"அவளுக்குத் தெரியும். நான் சொல்லலியே."

எழுதினேன். தாளில் பாதி காலியாக இருந்தது. அத்தையிடம் அந்த வார்த்தையை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன், எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுத அந்த இடம் போதும். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, நான் என்ன எழுதினாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மடித்து உறையில் போட்டு ஒட்டினேன்.

டிசம்பரில் பதில் வந்தது. அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் படித்துத் தமிழில் சொன்னேன். ஒரு சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறாளாம். குளிர் அதிகமாம். குழந்தை பள்ளிக்கூடத்தில் வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாளாம், இப்போது ஒரு மீட்டர் முப்பத்தைந்து உயரமாம். கடைசியில் ஒரு வரி: உங்கள் கடிதம் கிடைத்தது, அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"அவ்ளோதான்."

அந்தக் கடைசி வரி கோபமா, மன்னிப்பா என்று அவள் என்னைக் கேட்டாள். பிரெஞ்சில் அது எப்படி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் பல முறை படித்துப் பார்த்தேன். இரண்டு விதமாகவும் இருந்தது. மன்னிப்புதான் அம்மா என்று சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குழந்தை வகுப்பில் இரண்டாவதாக வந்ததை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

அந்த வருடம் நோயெலுக்கு யாரும் விருந்துக்கு வரவில்லை. அப்பா ரொட்டிக்கடையிலிருந்து ஒரு ரவை கேக் வாங்கி வந்தார். நான் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். அம்மாவால் இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.